ஆவாரம்பட்டை முதல் பாக்டீரியா வரை: தோல் கழிவை இயற்கை முறையில் சுத்தம் செய்ய முடியுமா?

தருமபுரி மாவட்டத்தில் சாலையோரப் புறம்போக்கு எங்கே பார்த்தாலும் ஆவாரஞ்செடி கண்ணில் படும். பொங்கலுக்கு முந்தின நாள் பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். சர்க்கரைக்கு நல்லது என்று அந்த மஞ்சள் பூவைக் காயவைத்து டீ போட்டுக் குடிப்பவர்களும் உண்டு. இதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? ‘டேனர்ஸ் கேசியா’. தோல் பதனிடுபவரின் செடி என்று அர்த்தம். குரோமியம் என்ற உலோகம் வருவதற்கு முன்பு தமிழ்நாட்டில் மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் பதனிட்டது இந்தச் செடியின் பட்டையும் மலைக்காட்டுக் கடுக்காயும்தான்.

இப்போது இதே மாதிரி நாட்டுச் சரக்குகள் வேறு விதமாகச் செய்தியில் அடிபடுகின்றன. முருங்கை விதையால் டேனரி கழிவுநீர் தெளிகிறது, புளியங்கொட்டைத் தூள் குரோமியத்தை உறிஞ்சுகிறது, பாக்டீரியா கழிவைத் தின்கிறது என்று ஏதாவது ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து அவ்வப்போது ஒரு செய்தி வரும். வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் சுற்றும். முருங்கையும் புளியும் விளைகிற தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இந்தச் செய்திகளுக்கு வரவேற்பு கொஞ்சம் கூடவே இருக்கும்.

இவற்றில் பெரும்பாலான ஆய்வுகள் பொய்யில்லை. பீக்கருக்குள் நிஜமாகவே வேலை நடக்கிறது. ஆனால் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக நான்கு வழிச்சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போனால் வாணியம்பாடி வந்துவிடும். அங்கிருந்து ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியே தோல் பட்டறைகள். இத்தனை வருட ஆய்வுக்குப் பிறகும் அந்தப் பகுதிக் கிணறுகள் ஏன் பழையபடி ஆகவில்லை? விடை தெரிய வேண்டுமானால், ஒரு தோல் ஷூவாக மாறும் வழியில் தண்ணீரில் என்னென்ன கலக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தோல் எப்படிக் கழிவாகிறது?

உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும். அதனால் உடனே உப்பைப் போட்டு அடுக்குவார்கள். ஒரு டன் தோலுக்கு ஏறக்குறைய 400 கிலோ உப்பு. டேனரிக்கு வந்ததும் அந்த உப்புத் தோலை முதலில் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடியை உதிர்க்கிறார்கள். உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வையும் கொழுப்பையும் இயந்திரத்தில் சீவி எடுக்கிறார்கள். அடுத்து அமிலமும் மறுபடி உப்பும். அதற்குப் பிறகுதான் குரோமியம் சல்பேட். தோலின் புரதத்தோடு குரோமியம் பின்னிக்கொண்டால் அது அழுகாது, வெந்நீரிலும் சுருங்காது. அந்த நிலையில் தோல் வெளிர் நீலமாக இருக்கும். தொழிலில் அதை ‘வெட் ப்ளூ’ என்பார்கள். கடைசியில் சாயம், எண்ணெய், பாலிஷ்.

போட்ட குரோமியம் முழுவதையும் தோல் எடுத்துக்கொள்வதில்லை. வழக்கமான முறையில் 60 முதல் 70 சதவீதம் தோலில் ஏறும், மீதி தண்ணீரோடு போகும். எடைக் கணக்கில் பார்த்தால் 1,000 கிலோ பச்சைத் தோலிலிருந்து தயாரான தோலாகக் கையில் கிடைப்பது 200, 250 கிலோதான். மற்றதெல்லாம் முடி, சவ்வு, சீவல், துண்டு, சேறு.

தண்ணீர்ச் செலவுக்கு உச்ச நீதிமன்றம் 1996-ல் எடுத்துக்காட்டிய கணக்கு, ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர். தினம் 10 டன் ஓட்டும் ஆலை என்றால் நாளொன்றுக்கு மூன்றரை லட்சம் லிட்டர்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு முருங்கை விதைக்கு வருவோம். முருங்கை விதையில் நேர் மின்னூட்டம் கொண்ட ஒரு புரதம் இருக்கிறது. கலங்கலாக மிதக்கும் துகள்கள் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம் கொண்டவை. இரண்டும் ஒட்டிக் கனத்து அடியில் படியும், மேலே தண்ணீர் தெளியும். தேற்றான்கொட்டையைப் பானையில் உரைத்துத் தண்ணீர் தெளியவைத்த பாட்டிகள் செய்ததும் இதே ரகம்தான். ஆனால் லிட்டருக்கு ஒரு கிராம் தூள் என்று வைத்துக்கொண்டாலே, மேலே சொன்ன ஒரே ஓர் ஆலைக்குத் தினம் 350 கிலோ முருங்கை விதை வேண்டும். படிந்த சேறு தனியாக மிச்சம். விதையிலிருந்து தண்ணீரில் கரையும் மற்ற பொருட்கள் கழிவின் சுமையைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். தெளிந்த தண்ணீர் பார்க்க அழகாக இருக்கும். அதில் கரைந்திருக்கும் உப்பு ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது.

நுண்ணுயிர் புது விருந்தாளி இல்லை

தோல் தொழிலுக்கு பாக்டீரியாவைக் கொண்டுவருவது புரட்சி என்பதுபோல எழுதப்படுகிறது. உண்மையில் இந்தத் தொழில் ஆரம்பத்திலிருந்தே நுண்ணுயிரை நம்பித்தான் இருந்தது. தோலை மிருதுவாக்க உலகின் பல பகுதிகளில் நாய் எச்சத்தையும் புறா எச்சத்தையும் கரைத்து ஊறவைத்தார்கள். அதிலிருக்கும் நொதிதான் வேலை செய்கிறது என்று கண்டுகொண்ட ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ரோம், 1908-லேயே கணைய நொதியை வைத்து அதற்கு மாற்று கொண்டுவந்தார். நாற்றம் பிடித்த அந்த வேலை அத்தோடு ஒழிந்தது.

இன்றைக்கு பொது சுத்திகரிப்பு நிலையங்களில் காற்று ஊதப்பட்டுக் கொப்பளிக்கும் பெரிய தொட்டிகளைப் பார்த்தால், அதுவும் பாக்டீரியாப் பண்ணைதான். புரதம், கொழுப்பு, ரத்தம் என்று கழிவில் இருக்கும் கரிமப் பொருளை அவை தின்று தீர்க்கின்றன. ஆக, ‘பாக்டீரியாவைப் பயன்படுத்தலாமா?’ என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. எந்த இடத்தில் பயன்படுத்துவது என்பதில்தான் இப்போது விஷயம் இருக்கிறது.

அதிகப் பலன் தரும் இடம் குழாயின் கடைசி முனை இல்லை, முதல் முனை. சோடியம் சல்பைடுக்குப் பதில் பாசில்லஸ் வகை பாக்டீரியாக்களிலிருந்து எடுக்கும் புரோட்டியேஸ் நொதியால் முடியை உதிர்க்கலாம். சல்பைடு போட்டால் முடி கூழாகித் தண்ணீரில் கரைந்து கழிவாகும். நொதி வேரை மட்டும் தளர்த்துவதால் முடி முழுசாகக் கழன்று வரும், வடிகட்டி எடுத்துவிடலாம். இன்னொரு லாபம் உயிர் சம்பந்தப்பட்டது. சல்பைடு கலந்த தண்ணீர் அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். டேனரித் தொட்டிகளுக்குள் இறங்கியவர்கள் மயங்கி விழுந்து செத்துப்போவதற்கு முக்கியக் காரணம் இந்த வாயு.

சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சிஎல்ஆர்ஐ) நொதி முறையில் பல வருடங்களாக வேலை செய்துவருகிறது. அப்புறம் ஏன் எல்லா ஆலையிலும் இது வரவில்லை? பயம்தான். நொதி கொஞ்சம் அதிக நேரம் தங்கிவிட்டால் முடியோடு தோலின் மேல்பரப்பையும் அரித்துவிடும். ஒரு டிரம்மில் சுற்றுவது பல லட்ச ரூபாய்ச் சரக்கு. சின்ன டேனரிகளில் பல, அடுத்தவர் சரக்கை வாங்கி ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவை. தோலில் புள்ளி விழுந்தால் நஷ்டம் அவர்கள் தலையில். சல்பைடு மலிவு, பழகிய சரக்கு, தப்பு நடந்தாலும் கணிக்கக்கூடியது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கணக்கு வருவதே இல்லை.

சவ்வுக் கழிவு விஷயத்தில் நிலைமை இன்னும் சுலபம். குரோமியம் தொடுவதற்கு முன்பே சீவி எடுக்கப்படுவதால் அதில் உலோகம் கிடையாது. வெறும் புரதமும் கொழுப்பும் சுண்ணாம்பும். காற்றில்லாத கலனில் போட்டால் சாண எரிவாயு மாதிரியே மீத்தேன் கொடுக்கும். மேல்விஷாரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் இப்படி ஒரு எரிவாயு அமைப்பு ஏற்கெனவே முயன்று பார்க்கப்பட்டது. சுண்ணாம்பைச் சரிசெய்து மண்புழு உரமாக்குவதும் நடக்கிற காரியமே.

நுண்ணுயிருக்கான நிஜமான எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது: குரோமுக்கு முன், குரோமுக்குப் பின். முன்னால் வரும் கழிவு கிட்டத்தட்ட கசாப்புக் கடைக் கழிவு மாதிரி. எருவாகும், எரிவாயு ஆகும். பின்னால் வருவது வேறு ஜாதி. இரண்டையும் ஒரே வாய்க்காலில் விட்டுவிட்டால் மொத்தமும் ஆபத்தான கழிவாகிவிடுகிறது. ஆலைக்குள் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போடுவதற்கு எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தேவையில்லை.

குரோமியத்தை பாக்டீரியா தின்னாதா?

தின்னாது. குரோமியம் ஒரு தனிமம். அதை எந்த உயிரும் செரித்து இல்லாமல் ஆக்க முடியாது. வடிவத்தை மாற்றலாம், ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் சேர்க்கலாம். அவ்வளவுதான்.

இதில் வடிவம் முக்கியம். டேனரியில் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். இதன் நச்சு ஒப்பீட்டளவில் குறைவு, சுலபமாகத் தண்ணீரில் கரைந்து ஓடாது. ஆறு இணைதிறன் குரோமியம் அப்படியில்லை. தண்ணீரில் நன்றாகக் கரையும், செல்லுக்குள் நுழையும், புற்றுநோயை உண்டாக்கும். இந்த ஆறை மூன்றாக மாற்றும் திறன் பல பாக்டீரியாக்களுக்கு உண்டு. சோவியத் விஞ்ஞானிகள் 1977-லேயே சூடோமோனாஸ் வகை ஒன்றை வைத்து இதை எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து டேனரிக் கழிவுநீரிலோ அதை ஒட்டிய மண்ணிலோ ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது ஆறை மூன்றாக்குகிறது என்று காட்டும் ஆய்வுகள் உலகமெங்கும் குவிந்துவிட்டன. ஒரு சின்ன முரண் என்னவென்றால், டேனரிக் கழிவுநீரில் இருப்பது பெரும்பாலும் மூன்றுதான். அந்தத் தண்ணீரைப் பொறுத்தவரை பாக்டீரியா தீர்ப்பது அங்கே அவ்வளவாக இல்லாத ஒரு பிரச்சினையை.

ஆறு எங்கே அதிகம்? ராணிப்பேட்டையில். டேனரிகளுக்குக் குரோமியம் உப்புத் தயாரித்துக் கொடுத்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை, 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் 2006-ல் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு சேர்ந்து ராணிப்பேட்டையும் இருந்ததற்கு இந்தக் குவியல் முக்கியக் காரணம். நிலத்தடி நீரில் இறங்கியிருக்கும் ஆறை மூன்றாக்கி மண்ணிலேயே உறையவைக்க, பாக்டீரியாவும் அதற்குத் தீனியாக வெல்லப்பாகு போன்ற மலிவான பொருளும் உதவக்கூடும். அங்கேயும் ஒரு கொக்கி உண்டு. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூன்று மெல்ல மெல்ல மறுபடி ஆறாகலாம்.

டேனரித் தண்ணீரிலிருக்கும் மூன்றைப் பிடிக்க இயற்கைப் பொருளைவிடப் பழைய வேதியியலே சுலபமானது. குரோம் தண்ணீரைத் தனியே பிடித்து மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் படியும். படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி பதனிட உதவும் சரக்கு. தமிழ்நாட்டு டேனரிகளில் ‘குரோம் ரெகவரி’ என்ற பெயரில் இது நடக்கிறது. இன்னும் ஒரு படி முன்னால் போய், தண்ணீரே சேர்க்காமல் குரோம் ஏற்றும் முறையையும் சிஎல்ஆர்ஐ கொண்டுவந்திருக்கிறது. போடும் குரோமியம் கூடுதலாகத் தோலிலேயே ஏறுவதால் கழிவில் போவது குறைகிறது.

புளியங்கொட்டைத் தோடு, உமிக்கரி, தேங்காய்ச் சிரட்டைக் கரி எல்லாம் குரோமியத்தை உறிஞ்சும் என்பது மெய். உறிஞ்சிய பிறகு அந்தத் தூளை என்ன செய்வது? இப்போது அதுவே குரோமியக் கழிவு. வயலில் கொட்ட முடியாது. எரித்தால் இன்னும் மோசம், சூட்டில் மூன்று ஆறாக மாற வாய்ப்பு இருக்கிறது. குப்பையோடு குப்பையாக ஷூ கம்பெனித் தோல் துண்டுகளைக் கொளுத்துவது ஆபத்து என்பதற்கும் இதே காரணம். வங்கதேசத்தில் குரோம் தோல் துண்டுகளை அரைத்துக் கோழித் தீவனத்தில் சேர்த்தார்கள். அதை நிறுத்த அந்நாட்டு உயர் நீதிமன்றம் தலையிட வேண்டிவந்தது.

தண்ணீரிலிருந்து பிரித்த மாசு கடைசியில் சேறாகத்தான் ஓர் இடத்தில் உட்காரும். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் 2015 ஜனவரி 31 அதிகாலையில் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்தச் சேறு பாய்ந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யக் கட்டிய இடம் அது.

யாரும் பேசாத உப்பு

குரோமியத்துக்குப் பயங்கரமான பெயர் இருப்பதால் அதற்குக் கவனம் கிடைக்கிறது. பாலாற்றுப் பக்கத்து விவசாயியைக் கேட்டால் முதலில் உப்பைத்தான் சொல்வார். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, தென்னை காய்ப்பதில்லை, நெல் வருவதில்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வை மேற்கோள் காட்டி உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது: டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்தபோது 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

உப்பை எந்த பாக்டீரியாவாலும் ஒன்றும் செய்ய முடியாது. உப்பைத் தாங்கி வாழும் பாக்டீரியா உண்டு, அது உப்புத் தண்ணீரிலிருக்கும் அழுக்கைத் தின்னும், உப்பு அப்படியே இருக்கும். உப்பு நிலத்தில் வளரும் செடிகள் கொஞ்சம் எடுக்கும், ஆலைக் கணக்குக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இதனால்தான் தமிழ்நாட்டில் ‘சொட்டு நீரும் வெளியே போகக்கூடாது’ என்ற முறைக்கு டேனரிகள் வந்தன. ஆர்ஓ வைத்துத் தண்ணீரைப் பிரித்து மறுபடி உபயோகிப்பது, மிச்சத்தை நீராவியில் காய்ச்சி உப்பாக எடுப்பது. மின்சாரமும் விறகும் தின்கிற வேலை. கடைசியில் கிடைப்பது சோடியம் குளோரைடும் சல்பேட்டும் வேறு பலதும் கலந்த உப்பு. விற்க முடியாது, ஆற்றில் விட முடியாது, மழையில் நனையவும் விடக்கூடாது. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

இதற்கும் சுலபமான வழி முதல் முனையில்தான் இருக்கிறது. ஊறவைப்பதற்கு முன்பு தோலை ஒரு மரச்சட்டத்தின் மேல் போட்டு உதறினாலே கணிசமான உப்பு உலர்ந்த நிலையில் கொட்டிவிடும். கேட்டால் இதெல்லாம் ஒரு தொழில்நுட்பமா என்று தோன்றும். ஆனால் தண்ணீரில் கரைந்த பிறகு ஒரு கிலோ உப்பைப் பிரிக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதைவிட லாபமான வேலை டேனரிக்குள் கிடையாது. செடிகளுக்கு உண்மையிலேயே பெரிய வாய்ப்பு இருப்பதும் இந்த இடத்தில்தான். கடலோரத்தில் படரும் உவர்நிலச் செடிகளின் இலைக் கூழைக் கொஞ்சம் உப்போடு சேர்த்துத் தடவித் தோலைக் கெடாமல் வைக்க முடியும் என்று சிஎல்ஆர்ஐ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உப்பு கால்வாசியாகக் குறைந்தாலும் கீழே வருகிற பிரச்சினை பாதி தீர்ந்த மாதிரி.

அப்படியே ஆவாரம்பட்டைக்குத் திரும்பிவிடலாமா?

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா டேன்ட்’ என்ற பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. 1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுமையான தோலாகவும் ஷூவாகவும் விற்றால் அந்நியச் செலாவணி அதிகம், வேலைவாய்ப்பும் அதிகம். கணக்கு சரிதான். தொழில் வளர்ந்தது, ஊர்கள் பிழைத்தன. வாரக்கணக்கில் ஊறும் பட்டைக்குப் பதில் ஒரே நாளில் வேலை முடிக்கும் குரோமியம் வந்ததும் அதோடுதான்.

திரும்பிப் போவதில் சிக்கல்கள் இருக்கின்றன. தாவரத் துவர்ப்பு கலந்த கழிவுநீர் கருப்புக் காபி மாதிரி இருக்கும். உலோகம் இல்லை, சரி. ஆனால் துவர்ப்புப் பொருளின் வேலையே புரதத்தை அழுகாமல் காப்பதுதான். அதாவது பாக்டீரியாவை விரட்டுவது. அதனால் சுத்திகரிப்புத் தொட்டியில் அது சீக்கிரம் செரிக்காது. பட்டை உரித்தால் செடி போய்விடும், எவ்வளவு ஆவாரங்காடு வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். துவர்ப்புப் பட்டைக்காக நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பரப்பப்பட்ட வாட்டில் மரம் சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கியது தனிக்கதை. பட்டையில் பதனிட்டாலும் தோலை உப்புப் போட்டே கொண்டுவர வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

பெல்ட், பை, செருப்பு அடி போன்ற கனத்த தோலுக்குத் தாவர முறை இன்றைக்கும் பொருந்தும், விலையும் கிடைக்கும். மிருதுவான ஷூ மேல்தோலுக்கு உலகச் சந்தை பெரும்பாலும் குரோமியத்தோடுதான் நிற்கிறது. கடுக்காய் மரத்தை வெட்டாமல் காயை மட்டும் பொறுக்குவதால் அந்தச் சரக்குக்கு ஓரளவு எதிர்காலம் உண்டு. சித்தேரி மாதிரியான மலைக் கிராமங்களுக்கு அது வருமானமாகலாம்.

சந்தை நினைத்தால் டேனரி மாறும் என்பதற்கு நல்ல உதாரணம் ஜெர்மனி. 1980-களின் கடைசியில் பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியையும், 1990-களில் சில அசோ சாயங்களையும் அந்த நாடு தடை செய்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் சரக்கு திரும்பி வந்துவிடும் என்ற பயத்தில் மாற்று ரசாயனத்துக்குப் போயின. தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் விற்கக்கூடாது என்று 2015 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் சொன்னபோதும் அதுவே நடந்தது. ஷூ போடுபவரின் காலைத் தொடும் ரசாயனத்துக்கு இவ்வளவு கறார். ஷூ செய்த ஊரின் கிணற்றுக்கு அந்தச் சட்டங்களில் வரி கிடையாது.

தருமபுரிக்கு இதில் என்ன?

தருமபுரி தோல் மாவட்டம் இல்லை. ஆனால் நிலத்தடி நீர் விஷயத்தில் ஏற்கெனவே அடிபட்ட மாவட்டம். பாறையிலிருந்து ஊறும் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டு, கடைசியில் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. கிணறு கெட்டால் ஊர் என்ன பாடுபடும் என்று இங்கே யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. நல்லம்பள்ளி பக்கம் சிப்காட் வருகிறது, வேலை தேடி ஓசூர் போகும் பிள்ளைகளுக்கு அது நல்ல சேதி. தோல், சாயம், முலாம் பூசுவது என்று எந்தத் தொழில் எங்கே வந்தாலும், கழிவுக்கு ‘பசுமைத் தீர்வு’ இருக்கிறது என்ற ஒரு ஸ்லைடு திட்ட அறிக்கையில் இருக்கும். உப்பு எங்கே போகும், உலோகம் எங்கே போகும், சேறு எந்த இடத்தில் எத்தனை வருஷம் இருக்கும் என்று அந்த ஸ்லைடிலேயே இல்லையென்றால், தீர்வு பாதிதான் யோசிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் டேனரி உள்ளிட்ட கடும் மாசு தொழில்கள் கூடாது என்று தமிழக அரசு 1989 மார்ச் 30-லேயே அரசாணை போட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. ‘மாசு செய்தவரே பணம் கட்ட வேண்டும்’ என்ற கொள்கையும், சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் நாட்டின் சட்டத்தில் அங்கம் என்று ஆணித்தரமாகச் சொன்ன தீர்ப்பு அது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். ஐந்து மாவட்டங்களின் டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில் கணக்குப் போட்டு, 547 டேனரிகள் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது.

இந்தத் தொகையும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆற்றில் கழிவு கலப்பதும் நிற்கவில்லை. விவகாரம் மறுபடி உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஜனவரி 30-ல், பாக்கி இழப்பீட்டை முதலில் அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைத்து வேலூர்ப் பகுதியைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வழக்கின் முதல் மனுவில் இருக்கும் எண் 914, ஆண்டு 1991.